நடந்ததைக் குறைத்தே காட்டினோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வெள்ளவத்தையில் எமது குழு மேடையேற்றிய அங்கத நாடகத்துக்குத் தங்கள் ஞாயிறு இதழில் விமர்சனம் வந்திருந்தது. நடிப்பையும் ஒளியமைப்பையும் பாராட்டியதற்கு நன்றி. இரண்டாம் காட்சி நீளம் என்று விமர்சகர் கருதினால் அது அவர் ரசனை. அதைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. ஆனால் கொழும்பின் இன்றைய கம்பனிகளில் இனவாதம் என்பது பிரதியாளரின் மிகைக் கற்பனை என்று அவர் போகிற போக்கில் எழுதிச் சென்ற அந்த ஒரு வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

போர்க்காலத்தில் கொழும்பு கோட்டையில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன் நான். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்ததால் காலி வீதிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்தப்பட்ட காலைகளில், பிந்தி வந்தேன் என்று எனக்கு அரைநாள் லீவு வெட்டப்பட்டது. அதே பஸ்ஸில் வந்து நேரத்துக்குக் கையெழுத்து வைத்த சிங்கள நண்பர் எனக்காகப் பரிந்து பேசப் போனபோது, கம்பனி ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று முகாமையாளர் மிகுந்த மரியாதையோடு சொல்லி அனுப்பினார். 2007 ஜூனில் வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியதும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்த வாரத்தில் கந்தோரில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, மாத முடிவுக் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தானே போவீர்கள் என்பது. இந்த இரண்டு வசனங்களையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் முதலாம் காட்சியில் வைத்தோம். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எமது கற்பனையில் பிறந்தவை அந்த மேசையும் நாற்காலியும் மட்டுமே.

அது போர்க்காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று விமர்சகர் சொல்லக்கூடும். மாறியிருப்பது பேசும் விதம். தைப்பொங்கலுக்கு வரவேற்புக் கூடத்தில் கோலம் போட்டு, தமிழ் ஊழியர்களை வேட்டி சேலையில் வரச்சொல்லிப் படம் பிடித்து, அதைக் கம்பனியின் முகநூலில் போடுகிறார்கள். அதே ஊழியர் பதவியுயர்வு நேர்முகத்துக்குப் போனால் கனடாவில் ஆட்கள் இருக்கிறார்களா, போய்விடுவீர்களா என்று புன்னகையோடு விசாரிக்கிறார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் அவசரகால விதிகள் தடை செய்தது முகத்தை மூடுவதை மாத்திரமே. ஆனால் முகம் தெரிய அபாயா அணிந்து வந்த முஸ்லிம் பெண்ணை, வாடிக்கையாளர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று சொல்லி முன் மேசையிலிருந்து கோப்பறைக்கு மாற்றும் காட்சி எமது நாடகத்தில் வருகிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த பெண் தனக்கே நடந்ததைத்தான் நடித்தார். ஒத்திகையில் அவர் தன் மேசை லாச்சியைக் காலி செய்யும்போது குங்குமப் பொட்டு வைத்த சக ஊழியர் ஒருத்தி கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதாக அமைத்ததும் அவர் சொல்லித்தான்.

விமர்சகர் ஒரு சொல்லும் எழுதாமல் விட்ட காட்சி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக் கணக்காளர், தேநீர் கொண்டுவரும் மலையகத்து ஹற்றன் இளைஞனுக்கென்று கைபிடி உடைந்த கோப்பையொன்றைக் கழுவுதொட்டியின் கீழ்த் தனியே வைத்திருப்பார். பதவியுயர்வு கிடைக்காத அன்று சமத்துவம் பற்றிப் பொங்கிப் பேசிக்கொண்டே, அந்தக் கோப்பையைக் காலால் உள்ளே தள்ளிவிடுவார். முதற்காட்சிக்குக் கைதட்டிய சபை அந்த இடத்தில் உறைந்துபோனது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகளை நாங்கள் எமது கந்தோர்களில் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகை பேசாவிட்டால் யார் பேசுவது? 1968 இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததையடுத்து அதையே பொருளாக்கிக் கூத்து வடிவில் மேடையேற்றத் துணிந்தவர்கள் இருந்தார்கள். அதற்கும் முன்னர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, காலனித்துவ கால ஊர் அதிகாரிகளான உடையார்மாரின் மிடுக்கை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகமாக்கி நகைத்தார். எங்களைப் பார்த்து நாங்களே சிரிப்பது ஈழத்து அரங்குக்குப் புதிதல்ல. விமர்சனம் எழுதுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஏன் மேடையில் சொல்ல வேண்டும், முறைப்பாடு செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். இனம், மதம், மொழி, சாதி காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிரானது மட்டுமே. தனியார் கம்பனி முகாமையாளர் ஒருவரின் புன்னகைக்கு எதிராக அந்த மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. வேலையை விட்டுப் போகலாம், அல்லது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாங்கள் நாடகம் போட்டோம்.

அதையும் இலகுவில் போட முடிந்ததா? அனுசரணை தர ஒப்புக்கொண்ட நிறுவனமொன்று பிரதியை வாசித்ததும் பொங்கல் காட்சியை நீக்கச் சொன்னது, மறுத்தோம், விலகிக்கொண்டது. மண்டப வாடகையை நடிகர்களே பங்கு போட்டுக் கட்டினார்கள். தங்கள் பத்திரிகைக்கு நேரில் கொண்டுவந்து கொடுத்த அறிவித்தல், நாடகம் முடிந்த பின்னரே பிரசுரமானது. அதே வாரம் தென்னிந்திய நடிகர் ஒருவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கியதற்குத் தாங்கள் முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சிறுவயது முதல் இந்தப் பத்திரிகையை வாசித்து வருபவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்: உள்ளூர் நாடகக்காரர் தங்களிடம் கேட்பது புகழ் அல்ல.

நான் இப்போது கேட்பதும் சிறிய காரியம்தான். அபாயா அணிந்த ஊழியராக நடித்தவரின் பெயருக்குப் பதிலாக விமர்சனத்தில் வேறொரு நடிகையின் பெயர் அச்சாகியுள்ளது. சரியான பெயரைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த ஞாயிறு இதழில், விமர்சனம் வந்த அதே பக்கத்தில், அதைத் திருத்தி வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
நாடகத்தின் பிரதியாளரும் நெறியாளரும்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.