வட்டியில்லாக் கடனைக் கட்ட வட்டிக்கு வாங்குகிறோம்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் அதிகாரிகளுக்கும், வட்டியில்லா மாணவர் கடனை வழங்கும் வங்கிகளுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் படிப்பிக்கிற ஒரு ஆசிரியை. உங்கள் கடன் கோப்பு ஒன்றில் என் கையொப்பமும் இருக்கிறது. கடன் எடுத்தது நான் இல்லை, எடுத்த பிள்ளைக்குப் பிணை நின்றேன். 2018இல் வைத்த கையொப்பம் அது. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. ஆனால் போன மாரியில் நடந்த ஒரு விசயத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபால்காரர் கேற்றடியில் நின்றார். பதிவுத் தபால். பிரித்தால் முழுவதும் ஆங்கிலம். ஐந்து தவணை நிலுவை, 14 நாளுக்குள் கட்டாவிட்டால் பிணையாளர்களிடமிருந்து அறவிட நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசிப் பந்தியில் தடித்த எழுத்தில் இருந்தது. எனக்கு வாசித்தால் விளங்கும். அதே கடிதம் திருக்கடலூரில் இருக்கிற பிள்ளையின் அம்மாவுக்கும் போயிருக்கிறது. அவர் அதைச் சந்திக் கடையில் கொண்டுபோய்க் காட்டி, அங்கே ஒருவருக்கும் விளங்காமல், மழைக்குள்ளே என் வீட்டுக்கு வந்தார். ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தும் தாளின் மடிப்புகள் ஈரமாகிவிட்டன. கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "ரீச்சர், இதில பொலிஸ் எண்டு எங்கயாவது எழுதிக் கிடக்கா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும் அதுதான். இடியப்பம் அவித்து விற்கிற ஒரு தாய்க்குக் கடன் நிலுவைக் கடிதத்தைத் தமிழில் அனுப்புவது அவருக்குச் செய்கிற தயவு இல்லை. அந்தக் கடிதம் தமிழில் இருந்திருந்தால் அந்த அம்மா மழையில் நனைந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

சரி, பிள்ளையின் கதைக்கு வருகிறேன். கெட்டிக்காரி. உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தி. ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. நாடு முழுவதும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிற பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடம் கிடைக்கிறது. கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்று எங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு இருந்தும், ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பிள்ளைகள் வாசல்படியில் நிற்கிறார்கள். அவர்கள் அரசு சாரா நிறுவனங்களில் பட்டம் படிக்கத்தான் 2017இல் இந்த வட்டியில்லாக் கடன் வந்தது. அவள் எடுத்த நேரம் பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் வரை, வேண்டுமானால் சீவனச் செலவுக்கு வருடத்துக்கு 75,000 வீதம் நாலு வருடத்துக்கு 3 இலட்சம். வட்டியை அரசாங்கம் வங்கிக்குக் கட்டும். நல்ல திட்டம், இதை நான் மனதாரச் சொல்கிறேன். இது இல்லாவிட்டால் திருக்கடலூரிலிருந்து அந்தப் பிள்ளை பட்டதாரியாக வந்திருக்க மாட்டாள்.

விண்ணப்பத்தோடு வந்து அவள் அப்பா என் முன்னால் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு பிணையாளர் வேண்டும், நிரந்தரச் சம்பளம் வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். கடல்தொழில் செய்கிற ஒருவருக்கு நிரந்தரச் சம்பளக்காரரை எத்தனை பேரைத் தெரியும்? மகளின் வகுப்பாசிரியையைத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற தூரத்துச் சொந்தம் ஒருவரைத் தெரியும். அவ்வளவுதான். இந்தியாவில் 4 இலட்சம் ரூபா வரையான கல்விக் கடனுக்கு வங்கிகள் மூன்றாம் ஆள் பிணை கேட்பதில்லை, பெற்றோரின் கையொப்பமே போதும். இங்கே ஏழை வீட்டுப் பிள்ளை ஊரில் சம்பளக்காரரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கிடைக்காமல் விட்டுவிட்டவர்கள் என் வகுப்புகளிலேயே இருந்தார்கள்.

படிப்பு கொழும்புப் பக்கம். இந்தக் கடனுக்குள் வருகிற நிறுவனங்களில் பெரும்பாலானவை மாலபே, ஹோமாகம என்று அங்கேதான் இருக்கின்றன. இரவு மெயில் ரயிலில் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். வருடத்துக்கு 75,000 என்றால் மாதம் 6,250 ரூபா. 2018இலேயே அது அறை வாடகைக்குப் பற்றவில்லை. பிறகு கொரோனா. பிறகு 2022. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோதும் அவளுடைய 6,250 அப்படியே 6,250தான். அவள் ஒரு நேரம் சாப்பிடாமல் விட்டதைப் பட்டம் வாங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

படிப்பு முடிந்தது, ஒரு வருடச் சலுகைக் காலமும் முடிந்தது. அப்புறம் தவணை தொடங்கியது. 11 இலட்சத்தை ஏழு வருடத்தால், அதாவது 84 மாதத்தால் பிரித்தால் மாதம் 13,095 ரூபா. தவணை தொடங்கிய நேரம் அவள் கொழும்பில் ஒரு கம்பனியில் பயிலுநர். சம்பளம் 45,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 3,600 போய்விடும். அறைக்கு 15,000. பஸ், சாப்பாடு, போன். இதற்குள் 13,095ஐ எங்கே தேடுவது? முதல் இரண்டு தவணையை அவளே கட்டினாள். பிறகு அம்மா தன் ஒன்றரைப் பவுன் சங்கிலியை அடைவு வைத்தார். அந்தக் காசில் நாலு தவணை போனது. அது முடிந்த நேரம் மாரியும் வந்துவிட்டது. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் கடலுக்குப் போக ஏலாது. அப்பாவின் கையில் ஒரு சதம் இல்லை.

இந்த மடலை நான் எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். நீங்கள் வட்டியில்லாமல் கொடுத்த காசைத் திருப்பிக் கட்ட அந்த வீடு வட்டிக்குக் காசு எடுத்தது. அடைவுகடைக்கு மாதா மாதம் வட்டி போகிறது, சங்கிலி இன்னும் வரவில்லை. அரசாங்கம் வட்டியைப் பொறுப்பெடுத்ததன் பலன் கடைசியில் அடைவுகடைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இதை நான் ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை. நுண்கடன் குழுவில் எடுத்து மகனின் தவணையைக் கட்டுகிற ஒரு தாயைத் தம்பலகாமம் பக்கத்தில் எனக்குத் தெரியும். பிள்ளையின் பெயர் கெட்டுவிடக் கூடாது, பிணை நின்றவர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற ஒரே பயம்தான் அவர்களை அங்கே தள்ளுகிறது. கடனைக் கட்டாமல் ஏமாற்றுகிற சனம் இல்லை இது.

அந்த இரண்டாவது பிணையாளரையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூரை போட வங்கிக் கடன் கேட்டுப் போனவரை, கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் நீங்கள் பிணை நின்ற கடன் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிலுவை இருக்கிற விசயமே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு ஐந்தாவது தவணை தவறிய பிறகு தெரியும். முதல் தவணை தவறிய கிழமையே எங்கள் இருவருக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால், பிள்ளையோடும் வங்கியோடும் பேசி 13,000 ரூபாவோடு முடித்திருப்போம். 65,000க்கு மேலே ஏறவிட்டுவிட்டுப் பதிவுத் தபால் அனுப்புவதால் யாருக்கு நன்மை? நான் 2028இல் ஓய்வு பெறுகிறேன். இந்தக் கடன் 2031 வரை ஓடும். ஓய்வூதியக் காசை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணித்தான் நான் படுக்கிறேன்.

என் அக்காவின் மகன் அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் படித்தவன். அங்கே 1989இலிருந்து மாணவர் கடனை வருமான வரித் திணைக்களமே அறவிடுகிறது. வருட வருமானம் ஒரு அளவைத் தாண்டும்வரை ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 2025–26 நிதியாண்டுக்கு அந்த அளவு 67,000 அவுஸ்திரேலிய டொலர். தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஏற்றபடி. வேலை போனால் தவணையும் தானாக நின்றுவிடும், யாருக்கும் கடிதம் எழுதத் தேவையில்லை. பிணையாளர் என்ற பேச்சே இல்லை. அங்கேயும் குறை உண்டு: கடன் தொகை வருடா வருடம் கூடும். விலைவாசியோடு சேர்ந்து 2023இல் ஒரே தடவையில் 7.1 வீதம் கூடியபோது பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். எங்கள் கடன் அப்படி வளராது, அது எங்கள் திட்டத்தின் பெரிய நல்ல குணம். அந்தக் குணத்தோடு அவர்களுடைய அறவிடும் முறையையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து சேமலாப நிதியைக் கழித்துக் கட்டுகிற வழக்கம் எங்கள் கம்பனிகளுக்குப் பழகிப்போனது. அந்தப் பதிவை வைத்துப் பிள்ளை வேலையில் இருக்கிறாளா, எவ்வளவு சம்பளம் என்று பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக நாளெடுக்கும் என்றால், இப்போதைக்குத் தவணையைப் படிப்படியாக ஏற்றுங்கள். அதே 11 இலட்சம், அதே 84 மாதம்: முதல் இரண்டு வருடம் மாதம் 6,500, அதற்குப் பிறகு ஐந்து வருடம் மாதம் 15,733. கணக்குச் சரியாக வரும். ஆரம்பத்தில் குறைவாக அறவிடுவதால் அரசாங்கம் கட்டுகிற வட்டி கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 45,000 சம்பளத்தில் 6,500ஐக் கட்டலாம். மூன்றாம் வருடம் அவள் பயிலுநராக இருக்க மாட்டாள்.

2018இல் திருகோணமலை உட்பட வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை 1 இலட்சம் வரை தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது. இங்கே ஒரு ரூபாவையும் நான் தள்ளச் சொல்லவில்லை. எல்லாக் காசையும் கட்டுவோம், எங்களால் கட்டக்கூடிய மாதிரி வாங்குங்கள் என்கிறேன்.

இன்னொன்று. கையொப்பம் வைக்கிற நாளில் மேசையில் பத்துப் பன்னிரண்டு தாள் இருந்தது. எந்தத் தாளிலும், தவணை எந்த மாதம் தொடங்கும், எவ்வளவு, வேலை கிடைக்காவிட்டால் யாரிடம் வர வேண்டும் என்று தமிழில் ஒரு அட்டவணை இருக்கவில்லை. 18, 19 வயதுப் பிள்ளைக்கு 11 இலட்சம் என்பது ஒரு எண் மட்டும்தான். 13,095 என்று எழுதிக் காட்டினால் அவளுக்கு விளங்கும். அவளுடைய அம்மாவுக்கும் விளங்கும். ஒரே ஒரு தாள் போதும். அதில் மாவட்டச் செயலகத்தில் ஒரு அதிகாரியின் பதவிப் பெயரையும் போடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கொழும்புக்குப் போக எங்களால் முடியாது.

இதை வாசிக்கிற கடன் எடுத்த பிள்ளைகளுக்கும் இடையில் ஒரு வார்த்தை. தவணை தவறப் போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முதலே வங்கிக்குப் போங்கள். வாய்ச்சொல்லாக விட வேண்டாம், எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, 1935க்கு எடுக்கலாம். கையில் கொஞ்சம் மேலதிகமாகக் காசு வந்தால் அதை இந்தக் கடனுக்குள் முன்கூட்டியே போடாதீர்கள். இதற்கு வட்டி இல்லை, முன்னுக்குக் கட்டி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. மாதத் தவணையைத் தவறாமல் கட்டுங்கள், மேலதிகக் காசைக் கொண்டுபோய் அம்மாவின் நகையை மீளுங்கள். நுண்கடன் இருந்தால் அதை முடியுங்கள். பிணை நின்றவர்களுக்கு ஒரு போன் எடுங்கள். நான் பிணை நின்ற பிள்ளை வெட்கத்தில் ஐந்து மாதம் எனக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் ஏசியிருக்க மாட்டேன்.

நிலுவையில் ஒரு பகுதியை நான் கட்டினேன், ஒரு பகுதியை ஆஸ்பத்திரித் தம்பி கட்டினார், மீதியைப் பிள்ளை கட்டிக்கொண்டு வருகிறாள். அவளுக்கு இப்போது வேலை நிரந்தரமாகிவிட்டது.

போன கிழமை இன்னொரு தகப்பன் வந்தார். சாம்பல்தீவுக்காரர், மகன் என்னிடம் படித்தவன். கையில் அதே பிணைப் பத்திரம். எனக்கு ஓய்வு கிட்டுகிறது, வங்கி ஏற்குமோ தெரியாது என்று சொன்னேன். "வேற ஆரையும் தெரியாது ரீச்சர்" என்றார். ஒரு மாதம் பொறுங்கள் என்று வாங்கி வைத்திருக்கிறேன். பத்திரம் இந்த மேசையிலேயே கிடக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் உங்களிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன், தமிழில்.

இப்படிக்கு,
பிணை நின்ற ஒரு ஆசிரியை
உவர்மலை, திருகோணமலை