மூச்சை இழுக்கச் சொன்னார்கள், விடச் சொல்லவில்லை

ஆசிரியருக்கு,

சென்னையில் இரண்டு நுரையீரலும் மாற்றி ஊர் திரும்பிய என் கணவருக்கு ஐந்தாம் மாதம் இழுப்பு வந்தது. படுத்தால் வலப்பக்கம் மட்டும் பூனை உறுமுவது போல. டவுனுக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலம் தாண்டுமுன் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி மூச்சு வாங்கினார். காட்டிய இடத்தில் ஆஸ்துமா என்று எழுதினார்கள். மூன்று கிழமை நெபுலைசர். கிருமி தொற்றவே கூடாத மனுசன், இருமுகிற கூட்டத்துக்குள் வாங்கில் காத்திருந்ததை நினைத்தால் இப்பவும் கோபம்தான்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் மருந்துத் துண்டின் பின்பக்கம் மூச்சுக்குழாயைக் கீறிக் காட்டியிருந்தார்: தலைகீழாகப் பிடித்த கவைத்தடி, இரண்டு கிளையிலும் ஒவ்வொரு தையல். மூச்சுக்குழாய்க்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய நாடிகளைப் பெரும்பாலும் திரும்பப் பொருத்துவதில்லையாம். அதனால் தையலடி முதல் கிழமைகளில் பிரியலாம். மாதங்கள் போனால் சுருங்கலாம். 1963இல் முதன்முதல் மனிதருக்கு நுரையீரல் மாற்றியது தொடங்கி 1983இல் டொரொன்டோவில் வெற்றி கிடைக்கும்வரை, பல பேரை அந்தத் தையல்தான் கொண்டுபோனது.

கடைசியில் சி.ரி. ஸ்கானுக்கு எழுதினார்கள். துண்டில் ‘இருமல், இழுப்பு’ மட்டும். நுரையீரல் மாற்றியவர் என்று ஒரு சொல் இல்லை. மெசின் மூச்சை இழு, பிடி என்றது, முடிந்தது. றிப்போட்டில் குறை ஒன்றுமில்லை. சீடியைச் சென்னைக்கு அனுப்பினோம். 5 மில்லிமீற்றர் தடிப்பில் எடுத்த படங்களில் தையலை வடிவாகப் பார்க்க ஏலாது, 1 மில்லிமீற்றரில் எடுங்கள், மூச்சை விட்ட நிலையிலும் ஒருமுறை எடுங்கள் என்று பதில் வந்தது.

திரும்ப எடுத்தோம். சில நிமிட வேலை, ஊசி மருந்துகூட ஏற்றவில்லை. வலக்குழாய் தையலடியில் உடுக்கின் இடுப்புப் போல ஒடுங்கியிருந்தது. மூச்சை விட்ட படத்தில் இடது நுரையீரல் சாம்பல் நிறமாக மாற, வலது கறுப்பாகவே நின்றது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. கமெராக் குழாய் விட்டுத்தான் அதை உறுதிப்படுத்தினார்கள். அதே குழாய் வழியாக பலூன் வைத்து விரித்தார்கள். அன்றிரவு இவர் படுத்து உறங்கினார்.

ஸ்கானுக்கு எழுதும் டொக்டர்மாரிடம் நான் கேட்பது இதுதான்: நுரையீரல் மாற்றியவர், இன்ன திகதியில் மாற்றியது என்று துண்டில் எழுதிவிடுங்கள். எடுக்கும் பிள்ளைகள் மூச்சை விடவும் சொல்லட்டும். எங்களைப் போன்ற வீட்டார் டிஸ்சார்ஜ் கார்ட்டையும் பழைய சீடியையும் பையிலேயே வைத்திருங்கள். நான் முதல் நாள் இரண்டையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனவள்.

ஒரு வாசகி,
ஆரையம்பதி.