இரண்டு வார இடைவெளி போதாது

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மூன்று பெரிய குதிரைப் பந்தயங்களை (கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட்) சேர்த்துச் சொல்லும் டிரிபிள் கிரவுன் பற்றிய தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை, 2025 கென்டக்கி டெர்பியை வென்ற சாவரின்டி என்ற குதிரையை, இரண்டு வாரம் கழித்து நடந்த பிரீக்னஸில் ஓடவிடாத பயிற்சியாளர் பில் மாட்டை அளவுக்கு மீறிய எச்சரிக்கைக்காரராகக் காட்டுகிறது. எனக்கு அது தேர்ந்த குதிரைக்காரரின் கணக்காகவே படுகிறது. சேறான தளத்தில் 2 கி.மீ. ஓடிய குதிரை மறுநாள் நன்றாக நடப்பது எதற்கும் உறுதியல்ல. முன்னங்கால் தசைநாணில் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல் சில நாள் கழித்தே சூடாகவும் வீக்கமாகவும் தெரியவரும். லாயத்தில் பழகியவர்கள், காலையில் கால்களில் சுற்றிய துணிக்கட்டுகளை அவிழ்த்ததும் இரு முன்னங்கால்களின் பின்புறத்தையும் தடவிச் சூட்டை ஒப்பிடுவார்கள். குளம்புக்கு மேலே நாடி வழக்கத்தைவிட வலுவாகத் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கெட்டித் தரையில் டிராட் (மிதமான துள்ளுநடை) ஓடவிடுவார்கள். வலிக்கும் முன்னங்கால் ஊன்றும்போது தலை மேலே எழும். தீவனத் தொட்டியில் மிச்சம் கிடந்தால் அதுவும் (பலர் கவனிக்காத) ஓர் அறிகுறி.

டெர்பிக்கு ஐந்து வாரம் கழித்து சாவரின்டி பெல்மான்டை வென்றது. பிரீக்னஸை வென்றிருந்த ஜர்னலிசம் என்ற குதிரை அதில் இரண்டாவதாகவே வந்தது. டெர்பிக்கும் பிரீக்னஸுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் விடுவதை அமைப்பாளர்கள் பரிசீலிக்கலாம்.

— ஒரு வாசகர்