பாதுகாவலர் கையொப்பத்துக்கு நாங்கள் எங்கே போவது?

வன்னியில் முதியோர் இல்லங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சனிக்கிழமைகளில் இல்லங்களுக்குப் போய், அங்குள்ளவர்களின் குறைகளைக் கேட்டு உங்களுக்கு எழுதுகிற தொண்டர்களில் நானும் ஒருவன். முன்பு அனுப்பிய மூன்று கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும். எனவே பழைய கதை வேண்டாம்.

இந்த வைகாசியில் ஆச்சி ஒருவர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக ஆசைப்பட்டார். கடல்நீரில் எரியும் அம்மன் விளக்கை இன்னொரு தரம் பார்க்கவேண்டுமாம். ஆட்டோவுக்கு நாங்கள் சொல்லிவைத்தோம். ஆச்சியும் விடியவே முழுகிச் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் இருந்தார். பொறுப்பாளர் படிவம் ஒன்றை நீட்டினார். வெளியே போகப் பாதுகாவலரின் கையொப்பம் வேண்டும். பதிவேட்டில் பாதுகாவலராக இருப்பது மகனின் பெயர். அவர் போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதம், வட்டுவாகல் பாலம் தாண்டி இராணுவத்தின் பக்கம் போனபின் காணாமற்போனவர். ஆச்சி இன்றுவரை மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதிக்கவில்லை. இல்லத்தில் சேரும்போதும் அந்தப் பெயரைத்தான் கொடுத்தார்.

மகன் வந்து ஒப்பமிட்டால் போகலாம் என்றார்கள்.

"அவன் வந்தால் நான் ஏன் ராசா இங்க இருக்கப்போறன்?"

அன்று இரவும் ஆச்சி சேலையை மாற்றவில்லையாம்.

நான் கதைக்கப் போனதற்கு, "நீங்கள் ஆர், எந்தத் திணைக்களம்?" என்று கேட்டார்கள். கேள்வியில் பிழையில்லை. எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதைத்தான் கேட்கிறோம்: இல்லத்தவர்களோடு தனியே கதைக்கவும், அவர்களுக்காக முறையிடவும் அனுமதிக் கடிதம் தாருங்கள். அமெரிக்காவில் மாநிலம்தோறும் இதற்கென்றே சட்டப்படி குறைகேள் அதிகாரி உண்டு. பயிற்சி பெற்ற தொண்டர்கள் அவர் சார்பில் இல்லங்களுக்குப் போய்வருவார்கள். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம், கடிதம் போதும்.

ஒக்டோபர் 1, முதியோர் தினம். அன்று இதே ஆச்சிமாரை பஸ்ஸில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பொன்னாடை போர்த்துப் படம் எடுக்கிறீர்கள். அதற்கு எந்தப் பாதுகாவலர் கையொப்பமிட்டார்?

பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது, கைவிட்டால் பராமரிப்புச் சபைக்குப் போகலாம் என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம். பிள்ளையைக் கொண்டுபோனவர்களிடம் பராமரிப்புக் கேட்க அதில் வழியில்லை. சரி, அது உங்கள் மேசைக்கு வரும் விடயமல்ல. மன்னிக்கவும்.

உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன். தயவுசெய்து அந்தக் கடிதத்தைத் தாருங்கள். படிவத்தில் ஆச்சியின் சொந்தக் கையொப்பமே போதும் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த வைகாசிக்கு முன் செய்தால் பெரிய உதவி.

பதிவேட்டில் உள்ள அந்தப் பெயரை மட்டும் வெட்டச் சொல்லி அவரிடம் கேட்கவேண்டாம்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தொண்டன் ஒருவன்