அடுத்த கட்சியின் தேர்தல் அறிக்கைக்குப் பதில் சொல்லும் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்சித் தலைவர்களுக்கு,

வணக்கம். எதிரணியின் வாக்குறுதி வெளியானதும் உங்கள் முன்னால் மைக்கை நீட்டுவார்களே, அப்போது நீங்கள் பேசுகிற அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

2021 மார்ச் 7 அன்று திருச்சியில் மு.க. ஸ்டாலின், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார். மறுநாள் மகளிர் தினம். எடப்பாடி பழனிசாமி 1,500 ரூபாய், அதோடு வருடத்துக்கு 6 சிலிண்டர் என்றார். எங்கள் அறிக்கையில் இருந்தது வெளியே கசிந்துவிட்டது என்றும் சொன்னார். இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்பதே எங்கள் யோசனைதான் என்று கமல்ஹாசன் தரப்பு. டீக்கடை டி.வி.யில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லாததுதான் பாக்கி” என்றார் பாலை ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர்.

இது ஒன்றும் புதிதில்லை. 2006-இல் தி.மு.க. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி என்றது, அ.தி.மு.க. 10 கிலோ இலவசம் என்றது. 2011-இல் மிக்சி அல்லது கிரைண்டர் என்றார் கருணாநிதி. மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் என்றார் ஜெயலலிதா. ஒரு ‘அல்லது’ போய் மூன்று ‘உம்’ வந்தது, அவ்வளவுதான்.

சரி, யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்பது உங்கள் பங்காளிச் சண்டை. எங்களுக்குத் தெரியவேண்டியது வேறு. அந்த 1,000 ரூபாய் எந்தக் குடும்பத் தலைவிக்கு? எந்த மாதத்திலிருந்து? எதிரே நிற்பவர்தான் இதைக் கேட்டிருக்க வேண்டும். ‘எங்களுடையது’ என்று உரிமை கொண்டாடுவதிலேயே பொழுது போய்விட்டது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோதுதான் விடை முழுசாகத் தெரிந்தது. தேர்தல் முடிந்து இரண்டேகால் வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள். சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. அந்த வாரம் எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் ஒரே பேச்சு: “உனக்கு மெசேஜ் வந்துச்சா?” வந்தவர் போனைத் திருப்பிக் காட்டுவார். வராதவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்வார். நிபந்தனை வைத்தது சரியா தப்பா என்பது தனி விவாதம். (வசதியானவர்களுக்கு எதற்கு என்ற கட்சிதான் நானும்.) ஆனால் அதை ஓட்டுப் போடுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியவைக்கும் வேலை, பதில் சொல்ல வந்தவருக்கு இருந்தது.

“பணம் எங்கிருந்து வரும்?” என்று கேட்கத்தானே செய்கிறோம் என்பீர்கள். கேட்கிறீர்கள், அப்புறம் அதற்கு மேல் 500 ரூபாய் கூட்டிச் சொல்கிறீர்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் நானே போட்டுப் பார்த்தேன். மாதம் 1,500 என்றால் வருடத்துக்கு 18,000. 2 கோடி குடும்ப அட்டை என்று வைத்தாலே 36,000 கோடி ரூபாய். சிலிண்டர் தனி.

இது ஒன்றும் வெட்டிக் கேள்வி இல்லை. 2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் ஆகாது என்றது. கூடவே, நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் திரட்டும் வழியையும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்பது 2014 முதல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. எதிரணி அந்த வழியைக் காட்டியிருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டிக் கேளுங்கள். உங்கள் அறிக்கையில் அந்தப் பக்கம் இருந்தால்தான் கேட்க முடியும் என்ற சங்கடமும் எனக்குப் புரிகிறது.

அடுத்த முறை மைக் வரும்போது, “முழுசாகப் படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்று உங்களில் ஒருவராவது சொல்லிப் பாருங்களேன். டீக்கடையில் ரிமோட்டை வாங்கி நானே சத்தத்தைக் கூட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு வாக்காளர்