என் கணவரின் பென்சில் கோடுகளை அழிக்காமல் விட்டவருக்கு நன்றி

முப்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்த என் கணவர் காலமானபோது, எங்கள் மகளுக்காக அவர் செய்யத் தொடங்கியிருந்த எழுத்து மேசை, கால்கள்கூடப் பொருத்தப்படாமல் பட்டறையில் கிடந்தது. எட்டு மாதங்கள் அந்தக் கதவைத் திறக்கவே எங்களுக்கு மனம் வரவில்லை. பிறகு, எஞ்சிய பலகைகளையாவது விற்றுவிடலாம் என்று எண்ணியபோது, பார்க்க வந்தவர்களில் ஒருவர் நீங்கள்.

விலையைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. மேசைப் பலகையில் அவர் போட்டிருந்த கோடுகளை விரலால் தடவி, “ஈரக்காலத்தில் மரம் குறுக்குவாக்கில் விரியும் என்று இடம் விட்டிருக்கிறார், நல்ல கை” என்றீர்கள். அவர் மறைந்தபின், தொழில் தெரிந்த ஒருவர் அவருடைய வேலையைப் பாராட்டி நான் கேட்டது அதுவே முதல் முறை.

யாரும் கேட்காமலே அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வந்தீர்கள். துருப்பிடித்திருந்த அவருடைய உளிகளைத் தீட்டி, அவருடைய இழைப்புளியாலேயே இழைத்து, ஓர் ஆணிகூட அடிக்காமல் கழுந்து எனப்படும் மர முளையைத் துளையில் இறக்கிக் கால்களைப் பொருத்தினீர்கள். பலகையின் அடிப்பக்கத்தில் அவர் எழுதியிருந்த அளவுக் கணக்கை மட்டும் இழைக்காமல் விட்டீர்கள். மகள் குனிந்து முதலில் தேடியது அதைத்தான்.

கூலி எடுக்க நான் உள்ளே சென்று திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று இன்றும் மனம் உறுத்துகிறது. இந்தப் பதிவு உங்களை எட்டினால் ஒருமுறை வாருங்கள், ஐயா. அவருடைய இழைப்புளியை எண்ணெய் தடவி உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்.