செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நம் புற்றுநோய்ச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வழக்கமான வேலைகள் வழக்கம்போல் நடந்தன. ஜூலை 27, உலகத் தலை-கழுத்துப் புற்றுநோய் நாளில் பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஊர்வலம். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வாய்ப் பரிசோதனை முகாம். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அரிசி, பருப்பு. குழுக் கூட்டம் மாதம் ஒன்று என்பது விதி. நடந்ததைவிடப் போதிய ஆள் (கோரம்) இல்லாமல் கலைந்ததுதான் அதிகம். மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும்.

முகாமைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் நோய் ஓடிவிடுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி இதைத்தான் வீடுவீடாகப் போய்ச் செய்தார்கள். புகையிலை, மது பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு அதனால் குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியானது. நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் வேலை செய்கிறவர்கள் பலருக்கு மடியில் வெற்றிலைப் பை இல்லாமல் பொழுது போகாது. கேட்டால், "பொகையில போடறதில்லீங்க, வெறும் பாக்குதானுங்க" என்பார்கள். வெறும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லி இருபது வருஷம் ஆகிறது. ஆகவே டார்ச் வேலை தொடரும்.

இனி, சங்கம் மிக்சி வாங்கி நோயாளிகளுக்கு இரவல் கொடுத்த விஷயம். "இது புற்றுநோய்ச் சங்கமா, பாத்திரக் கடையா" என்று என் காதுபடவே பேசினார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு, ஏழு வாரம். அது முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு எச்சில் ஊறாது, ருசி தெரியாது, சோறு தொண்டையில் இறங்காது. பலர் மூக்கு வழியே உணவு ஊற்றும் குழாயோடுதான் வருகிறார்கள். சத்தாகத் தண்ணீர் பதத்தில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது அம்மியும் அலுமினியச் சட்டியும். ராகிக் கூழை அப்படியே ஊற்றினால் குழாய் அடைக்கும். மாற்றுவதற்கு மறுபடி பஸ் ஏற வேண்டும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி போகும். அந்தப் பயத்திலேயே அப்புறம் வெறும் நீராகாரம்தான். கட்டி போய்விட்டது, ஆள் பட்டினியில் போகிறார். இதற்குத்தான் ஐந்து மிக்சியும், சன்னக் கண் சல்லடையும், பெரிய சிரிஞ்சும் வாங்கி இரவல் கொடுத்தேன்.

சும்மா கொடுத்துவிட்டு வரவில்லை. கேரளத்தில் 2008லேயே பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) கொள்கை வந்துவிட்டதால் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவரை வைத்துக்கொண்டு வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தோம்: தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைத்துத்தான் ஊற்ற வேண்டும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், ஊற்றியதும் அரைமணி நேரம் படுக்க விடக்கூடாது. "ஏனுங்க, பருப்பு ரசம் உடலாமுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். வடிகட்டினால் தாராளமாக விடலாம். எருத்தேம்பதிப் பக்கம் ஒரு மிக்சி திரும்பி வரவில்லை, அதில் சட்னி அரைக்கிறார்கள் என்று புகார். அரைக்கட்டும். அந்த வீட்டுக்காரர் இப்போது அந்தச் சட்னியைத் தொட்டுக்கொண்டு வாயால் இட்லி சாப்பிடுகிறார்.

வாய் திறக்கும் பயிற்சியும் நடக்கிறது. பல்லுக்கு நடுவில் மூன்று விரல் நுழைய வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு தாடை இறுகி ஒரு விரல்கூட நுழையாமல் போகிறது. டாக்டர் சொன்ன அளவுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, நாளாக நாளாக ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். செலவே இல்லாத வேலை. கூட உட்கார ஆள்தான் இல்லை. இன்னொன்று: கதிர்வீச்சு வாங்கிய தாடையில் டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கக்கூடாது, எலும்பு ஆறாமல் அழுகிப்போகும். ஆடுகிற பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

குரல்வளை எடுத்தவர்களுக்கு மார்கழி, தை மாதம் கஷ்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு அவர்கள் மூச்சு விடும் கழுத்து ஓட்டைக்குள் நேராகப் போகிறது. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி கட்டச் சொல்லித் தைத்துக் கொடுத்தோம். தைத்தது மகளிர் குழு, நன்றி.

சிகிச்சைக்குக் கோவைக்குப் போவதா, திருவனந்தபுரம் போவதா என்ற குழப்பம் எல்லையோரத்தில் தீராது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அங்கத்திய ரேஷன் கார்டுக்குத்தான். இங்கே கார்டு வைத்துக்கொண்டு அங்கே படுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வராதீர்கள், முன்பே வாருங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் இலவசம், துணைக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. கொல்லங்கோட்டில் இரவு அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை திருவனந்தபுரம். இதற்கான படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் இந்தச் செயலாளர்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு போதவில்லை, செலவு நிற்கவில்லை, இடைவெளியை நன்கொடையும் சிலரின் கைமாற்றும் ஈடுகட்டின. மிக்சிக்கான பில் என் ஃபைலில் இருக்கிறது. ஊர்வலத்து ஃப்ளெக்ஸ் பில்லும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

சந்தா வருஷத்துக்கு இருநூறு ரூபாய். உறுப்பினர்களில் பாதிப்பேர் கட்டவில்லை, சிலருக்கு இது மூன்றாவது வருஷம். ஊர்வலப் போட்டோவில் முன் வரிசையில் நின்றவர்கள் சிலரும் அந்தப் பாதியில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். எதிர் வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் புண் என்றதும் டம்ளரைத் தனியாக வைத்த உறுப்பினரும் இருக்கிறார். இந்த நோய் தொற்றாது என்று சங்கத்துக்கு உள்ளேயே முகாம் போட வேண்டிய நிலை.

தலைவர், பொருளாளர், நர்ஸ், இந்த அறையை வாடகையில்லாமல் விட்டிருக்கும் கட்டட உரிமையாளர், தேநீர் கொடுத்த பையன் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் சளி உறிஞ்சும் கருவி ஒன்றும், மாதம் இருமுறை கோவை ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக ஒரு வண்டியும் வேண்டும். கார் வைத்திருக்கிற உறுப்பினர்கள் இந்த அறையில் மட்டும் நாலு பேர். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் ஃபைலையும் மிக்சி நோட்டையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் வண்டி விஷயமாக நாளை முதல் நானே வீட்டுக்கு வந்து கேட்பேன்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.